விளையில் வாடிய தக்காளி, சட்டியில் காய்த்தது: இரண்டு சுற்றுக் குறிப்பு

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில். சுற்றிப் பதினெட்டு சென்ட் விளை, அதாவது தோட்டம். தென்னை, வாழை, பலா, மூலையில் ஒரு அயினி மரம். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் கிடக்கும். இவ்வளவு இருந்தும் தக்காளியை மட்டும் கடையில்தான் வாங்குவோம். கல்குளம், விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். வெண்டையும் பயறும் மரச்சீனியும் விளையில் தானாக வந்தது போல நிற்கும். தக்காளி நிற்காது.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எனக்கு ரோசம் வந்துவிட்டது. உரக்கடையில் பி.கே.எம். 1 விதை வாங்கி, நாற்று போட்டு, கிணற்றடிக்குப் பக்கத்தில் ஆறு செடி வைத்தேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட நல்ல ரகம் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறும் தளதளவென்று வளர்ந்தன. பூ வைத்த வாரத்தில் ஒவ்வொன்றாகத் தலை தொங்கிப் போயின. ஆரல்வாய்மொழியிலிருந்து வந்திருந்த அத்தை பார்த்துவிட்டு, "மக்கா, இந்த விளையில தக்காளி வச்சா பூக்கும், காய்க்காது. உங்க பாட்டா காலத்துலயே அப்படித்தான்" என்றாள். தண்ணீர் குறைவு, உரம் குறைவு, நட்ட நாள் சரியில்லை என்று நான் அடுக்கிய காரணம் எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு குட்டைத் தக்காளியைச் சட்டியில் வைத்துப் பார்த்தேன். ஜூனில் ஒரு சுற்று, நவம்பரில் ஒரு சுற்று. முதல் சுற்று பெரும்பாலும் தோல்வி, இரண்டாவது ஓரளவு வெற்றி. இரண்டுக்கும் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். எனக்குக் கிடைத்த விளைச்சலைவிட, செடி ஏன் செத்தது என்று கண்டுபிடித்த விதம் மற்றவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

குட்டை என்றால் என்ன

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடையில் குட்டைத் தக்காளி என்று கேட்டால் பி.கே.எம். 1 போன்ற ரகங்களை எடுத்துத் தருவார்கள். அவை ஓரளவு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து, அதோடு மேல்நோக்கிப் போவதை நிறுத்திக்கொள்பவை. பந்தல் தேவையில்லை, ஆனாலும் இரண்டரை மூன்று அடி வரும், பக்கவாட்டில் பரந்து சாயும். உண்மையான குட்டைச் செடி வேறு. அதில் தண்டும் இலையும் நீள உதவும் பிராசினோஸ்டீராய்டு என்ற ஹார்மோனைச் செடியால் சரியாகத் தயாரிக்க முடியாது. அந்த வேலையைச் செய்யும் மரபணு பழுதுபட்டிருக்கும். அதனால் கணுக்கள் நெருங்கி, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகச் சுருங்கி, ஊறுகாய் மாங்காய்த் தோல் போல மடிப்பு மடிப்பாக இருக்கும்.

இதில் மிகச் சிறியது மைக்ரோ டாம் என்ற ரகம். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் அழகுச் செடியாக உருவாக்கி 1989இல் வெளியிட்டார்கள். ஒரு சாண் உயரம்தான். இன்று உலகம் முழுக்கத் தக்காளி ஆராய்ச்சிக் கூடங்களில் சோதனைச் செடியாக இருப்பது இதுதான், ஏனென்றால் விதைத்து எழுபது எண்பது நாளில் பழுத்துவிடும், மேசை மேலேயே வளரும். இன்னொரு பக்கம், 2005க்குப் பிறகு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த வீட்டுத் தோட்டக்காரர்கள் சேர்ந்து, பழைய ரகங்களின் ருசியும் பெரிய காயும் உள்ள மூன்று நான்கு அடிக் குட்டைகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு இருபது லிட்டர் அளவு தொட்டி வேண்டும். நான் எடுத்தது மைக்ரோ வகை. நாகர்கோவிலில் உள்ள ஒரு நண்பர் தன் பால்கனிச் செடியிலிருந்து எடுத்துச் சேமித்த விதை. பழம் சுண்டைக்காயைவிடப் பெரிது, நெல்லிக்காயைவிடச் சிறிது.

முதல் சுற்று

ஜூன் 10: பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டு, விளை மண்ணும் சாணப்பொடியும் நிரப்பி, கப்புக்கு ஒன்றாகப் பதினான்கு விதை. அரை சென்டிமீட்டர் ஆழம். ஆறாம் நாள் பதினான்கும் முளைத்தன. தக்காளி முளைக்க இருபத்தைந்து முப்பது டிகிரி போதும், அது நமக்கு வருடம் முழுக்கச் சும்மாவே கிடைக்கிறது. விதையை முளைக்க வைப்பதில் நம்மூரில் யாரும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. கப்புகள் சன்ஷேடுக்குக் கீழே இருந்தாலும் ஈரம் காயவில்லை. நான் வேறு, மழையையும் கணக்கில் வைக்காமல் தினமும் தண்ணீர் தெளித்தேன். நான்கு நாற்றுகளின் தண்டு மண்மட்டத்தில் நூல் போல மெலிந்து சாய்ந்தன. நாற்றழுகல். நின்ற ஈரத்தில் பித்தியம் போன்ற, பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. சாய்ந்ததை நிமிர்த்தப் பார்ப்பது வீண், அப்படியே கப்போடு அப்புறப்படுத்த வேண்டும்.

மிச்சம் பத்து. மூன்றாம் வாரம் பார்த்தால், பத்தில் இரண்டு மட்டும் தனியாகத் தெரிந்தன. எட்டும் கட்டைவிரல் நீளத்தில் தடித்து உட்கார்ந்திருக்க, இந்த இரண்டும் ஒல்லியாக இரட்டிப்பு உயரத்தில், வெளிர்பச்சை இலையோடு. நல்லா வருதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. குட்டைத்தன்மை ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் செடி குட்டையாகும். குட்டைச் செடியின் பூவில் உயர ரகத்தின் மகரந்தம் விழுந்திருந்தால் அந்த விதை உயரமாகத்தான் வளரும். நண்பரிடம் கேட்டேன். பக்கத்துத் தொட்டியில் சாதாரணத் தக்காளியும் இருந்ததாம், இரண்டின் விதையையும் ஒரே நாளில் ஒரே தாளில் காயப் போட்டாராம். கலந்தது பூவிலா தாளிலா என்பது எப்படியும் போகட்டும். சேமித்த விதையில் விதைப்பவர்கள் மூன்றாம் வாரத்திலேயே நெட்டையைப் பிரித்துவிடலாம், பூக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஜூலை 6ஆம் தேதி அத்தை வந்தாள். இரண்டு நெட்டையையும் ஒரு குட்டையையும் அவளுக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஏழு குட்டை. அவற்றை எட்டங்குலச் சட்டிகளுக்கு மாற்றி மாடியில் வைத்தேன், சட்டி மூன்று லிட்டர் கொள்ளும். சுங்கான்கடை மண்சட்டிதான். பிளாஸ்டிக் மலிவு, ஆனால் கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலில் கொதித்து வேரை அவிக்கும். மண்சட்டி வியர்த்துக் குளிரும், தண்ணீரும் சீக்கிரம் கேட்கும்.

இங்கே ஒரு தற்செயல் நடந்தது. முதல் ஐந்து சட்டிக்கு விளை மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு என்று கலந்தேன். ஆறாவது சட்டிக்கு வரும்போது வாளியில் மண் தீர்ந்துவிட்டது, வெளியே மழை. சோம்பலில் ஆறு, ஏழு சட்டிகளுக்கு நார்த்தூள், மண்புழு உரம், வீட்டுவேலை மிச்சமான எம்-சாண்ட் ஆகியவற்றை மட்டும் போட்டு நிரப்பினேன். இந்தச் சோம்பல்தான் பிறகு எனக்கு விடை சொல்லியது.

ஜூலை கடைசி வாரம் எல்லாச் சட்டியிலும் பூ. ஆகஸ்ட் 4ஆம் தேதி மதியம் இரண்டாம் எண் செடி தலை தொங்கியது. தண்ணீர் விட்டேன். சாயங்காலம் நிமிர்ந்தது. மறுநாள் மதியம் மறுபடி தொங்கியது, மறுபடி நிமிர்ந்தது. மூன்றாம் நாள் நிமிரவில்லை. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சைப் பசேலென்று இருந்தபடியே செத்தது. இரண்டு வாரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என நான்கு செடிகள் போயின. நான்காவது நோஞ்சானாக நின்றது. ஆறும் ஏழும் அசையவில்லை.

டம்ளர் சோதனை

வாடல் என்றாலே நம்மில் பலர் வேரழுகல் என்று முடிவுகட்டிப் பூஞ்சைமருந்து வாங்க ஓடுகிறோம். வாடலில் வகை உண்டு. பியூசேரியம் பூஞ்சையால் வரும் வாடலில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், பல சமயம் ஒரு பக்கமாகத் தொடங்கி மெதுவாக மேலே ஏறும். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவால் வரும் வாடல் அப்படி அவகாசம் தராது. மண்ணில் இருக்கும் பாக்டீரியா வேர்க் காயம் வழியாக நுழைந்து, தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி, பசை போல அடைத்துவிடும். செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். நாம் வாட்டத்தைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். சூடும் ஈரமும் சேர்ந்த மண் அதற்கு மிகப் பிடித்தமானது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வாடிய செடியின் தண்டை அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிட வேண்டும். அசைக்கக் கூடாது. பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடங்களில் வெட்டு முனையிலிருந்து பால் போன்ற வெள்ளை நூல் இறங்கும். பூஞ்சை வாடல் என்றால் இப்படி இறங்காது.

ஐந்தாம் எண் செடியை வெட்டித் தொங்கவிட்டேன். பின்னால் கறுப்புச் சட்டையை விரித்துப் பிடித்துப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆவதற்குள் இறங்கியது, ஊதுவத்திப் புகையைத் தலைகீழாக்கியது போல. பூஞ்சைமருந்து இதைத் தொடாது. வாடிய செடியைப் பிழைக்க வைக்க மருந்தும் இல்லை.

பாட்டா காலத்துக் கதை அப்போதுதான் புரிந்தது. எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதி நிலம் மழையில் கழுவுண்டு புளித்துப்போன செம்மண்ணும் சரளும். மழைக்கோ குறைவில்லை. கேரளத்திலும் இதே மண், இதே மழை, இதே வாடல். அதனால்தான் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வாடலைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா என்று தக்காளி ரகங்களைத் தனியாக வெளியிட்டது. பெங்களூரில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக்கும் இந்த வாடலைத் தாங்கும். விளையில்தான் வைப்பேன் என்பவர்கள் இவற்றைத் தேடலாம், அல்லது சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றைத் தேடலாம். கிணற்றடியில் ஆண்டாண்டாக வழுதலங்காயும் (கத்தரி) மிளகாயும் வைத்து வந்திருக்கிறோம். இரண்டும் தக்காளியின் குடும்பம். வாடலுக்கு விருந்து வைத்தது போலத்தான்.

மாடித்தோட்டம் என்றாலே இடமில்லாத நகரத்து வீட்டுக்கானது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. பதினெட்டு சென்ட் வைத்துக்கொண்டு சட்டியில் செடி வைப்பானேன் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சிரித்தார். இந்தப் பக்கத்து மண்ணில் தக்காளிக்குச் சட்டிதான் காப்பு. ஆனால் அந்த மண்ணையே அள்ளிச் சட்டியில் போட்டால், நோயை மாடிக்குத் தூக்கிச் சென்றதுதான் மிச்சம். நான் செய்தது அதுதான்.

ஆறும் ஏழும்

பிழைத்த இரண்டு சட்டிகளும் முழுச் சந்தோஷம் தரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் காய் பிடித்தது, ஆனால் பாதிக் காயின் அடி கறுத்துக் குழிந்தது. நோய் மாதிரி இருக்கும், நோய் இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேராததால் வருவது. அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் நகரும், தண்ணீரை அதிகம் ஆவியாக்குவது இலை. காய் அவ்வளவாக ஆவியாக்காது. அதனால் பங்கீட்டில் இலை முந்திக்கொள்ளும். சட்டி ஒருநாள் காய்ந்து ஒருநாள் மிதந்தால் முதலில் பட்டினி கிடப்பது காயின் நுனி.

தண்ணீரில் நான் ஒழுங்காக இல்லை என்பது உண்மை. இன்னொரு காரணம் நார்த்தூள். ராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு தும்பாலையில் (தேங்காய் நார் பிரிக்கும் ஆலை) சும்மா கொடுத்த இரண்டு சாக்கு, அப்படியே கழுவாமல் போட்டிருந்தேன். நார்த்தூளில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். உப்புத் தண்ணீரில் ஊறிய கதம்பையாக (தேங்காய் மட்டை) இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த இரண்டும் வேரின் வாசலில் சுண்ணாம்புச் சத்தோடு போட்டி போடும். பிறகு தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் 110 காட்டியது. அதே தண்ணீரில் நார்த்தூளை ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிழிந்தால் 1,240. மூன்று முறை கழுவியபின் 260. முதல் கழுவல் கட்டன்காப்பி நிறத்தில் வரும். மீட்டர் இல்லாதவர்கள் நிறம் வெளுக்கும் வரை கழுவினால் பெரும்பாலும் போதும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். நானும் போட்டேன். ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், தொண்ணூறு நாள் செடிக்கு அது வந்து சேராது. அடுத்த வருடத்துச் செடிக்கு வேண்டுமானால் மொய் எழுதியது போல.

இதற்கிடையில் அத்தை போன் செய்தாள். ஆடி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்று எப்படி என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுவது அதுதான். நான் கொடுத்த நெட்டை இரண்டும் கம்பு கட்டியும் முறிந்தன. குட்டை மட்டும் அம்மி போல உட்கார்ந்திருந்ததாம். ஆற்று மணலும் மாட்டுச் சாணமும் மட்டும் போட்டு ஒரு பழைய பானையில் வைத்திருந்தாள். "ரெண்டு நேரமும் தண்ணி விடணும் மக்கா, காத்து உறிஞ்சி குடிச்சிருது. பதினோரு பழம் பறிச்சாச்சு, ரசத்துல போட்டேன்." அந்தச் சுற்றில் நல்ல பழம் தின்றது அவள் ஒருத்திதான். நோட்டு வைத்திருந்த நான் இல்லை.

இரண்டாம் சுற்று

ஆறாம் எண் செடியில் தப்பிய நல்ல பழம் ஒன்றிலிருந்து விதை எடுத்தேன். விதையைச் சாறோடு இரண்டு நாள் புளிக்க விட்டால் மேலிருக்கும் வழுவழுப்பு கரையும். கழுவி நிழலில், இந்த முறை தனித் தட்டில், உலர்த்தினேன். நவம்பர் 5: ஒன்பது விதை, சூடோமோனாஸ் பொடியில் (நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பாக்டீரியா) புரட்டியது. கழுவிய நார்த்தூளும் மண்புழு உரமும் சமபங்கு. கப்புகளைத் தட்டில் வைத்துத் தட்டில் தண்ணீர் விட்டேன், அது அடியிலிருந்து ஏறிக்கொள்ளும், மேல் மண் காய்ந்தே இருக்கும். எட்டு முளைத்தன. ஒன்றுகூட அழுகவில்லை, வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தும்.

ஏன் நவம்பர்? நமக்கு இரண்டு மழை. ஜூனில் விதைத்தால் ஒரு மழையில் நாற்று, அடுத்த மழையில் காய் என்று மாட்டிக்கொள்ளும். நவம்பரில் விதைத்தால் நாற்று மட்டும் கூரைக்குக் கீழே மழையைக் கடக்கும், பூவும் காயும் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வரும். இன்னொன்று ராத்திரிச் சூடு. தக்காளிப் பூவுக்குப் பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கம்தான் பெரிய எதிரி. இரவு இருபத்துநான்கு டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் பலமிழந்து பூ உதிரும். நம் கடலோர மாவட்டத்தில் இரவு அதிகம் குளிராது, கொஞ்சமாவது குளிர்வது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான். அந்தக் காலத்தைப் பிடிக்க வேண்டும்.

மண் கலவை இப்படி: கழுவிய நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தூசு போகக் கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, சட்டிக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்த்தூளைக் கடைசிக் கழுவலில் கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தேன். ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அது தள்ளிவிட்டு இடம்பிடிக்கும். விளை மண் ஒரு பிடிகூடக் கிடையாது. பழைய சட்டிகளைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காய வைத்தேன். சட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைத்தேன். மாடித்தரையில் ஓடும் தண்ணீரே ஒரு சட்டியின் நோயை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்.

டிசம்பர் 6 நடவு. எட்டில் ஏழு இந்தக் கலவையில். எட்டாவதை வேண்டுமென்றே விளை மண் கலந்த சட்டியில் வைத்து, மாடியில் வேண்டாம் என்று கீழே துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தனியாக வைத்தேன். என் முடிவு சரியா என்று தெரிய வேண்டுமே.

முதல் பூ டிசம்பர் 24. இந்த வகையில் பக்கக் கிளையைக் கிள்ளக் கூடாது. உயரமாகப் போகும் தக்காளிக்குச் சொல்லும் புத்தியை இதற்குச் சொன்னால், காய்க்க வேண்டிய கிளையைத்தான் நாம் ஒடித்துப் போடுவோம்.

மகரந்தம் விஷயத்தில் ஒரு வேடிக்கை. மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர், எங்கள் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தோட்டமெல்லாம் தேன்பெட்டி. மாடியில் பூத்த தக்காளிக்கு அந்தத் தேனீயால் பிரயோஜனமே இல்லை. தக்காளியின் மகரந்தம் மூடிய குழாய்க்குள் இருக்கும், பூவைப் பிடித்து அதிர வைத்தால்தான் உப்பு டப்பாவைத் தட்டியது போலக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, பெரிய கருவண்டுக்குத் தெரியும். தவிர ஜனவரி முதல் மார்ச் வரை ரப்பர் தளிர் விடும் காலம், தேனீக்களுக்கு அங்கேதான் வேட்டை. ஆகவே நானே கருவண்டானேன். காலை ஒன்பதரை வாக்கில், பனி காய்ந்தபின், பூங்கொத்தின் காம்பைப் பென்சிலால் லேசாகத் தட்டுவேன். அதிகாலையில் தட்டிப் பயனில்லை, ஈரக்காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது.

தண்ணீர் ஜனவரியில் சட்டிக்கு நாளொன்றுக்கு 300 மில்லி, பிப்ரவரி நடுவில் காலையும் மாலையும் சேர்த்து 500. பூ வந்தபின் வாரம் ஒருமுறை லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட், வாரம் ஒருமுறை மீன் அமிலம். குளச்சல் மீன்காரி தந்த குடலும் தலையும், சம எடை கருப்பட்டியும். அது ஊறிய மூன்று வாரமும் தெருப் பூனைகள் எங்கள் மாடியில் மாநாடு நடத்தின. அடுத்த தடவை இதைச் செய்வேனா என்பது சந்தேகம்தான். அடி கறுத்த காய் இந்த முறை மொத்தத்தில் நான்கே நான்கு.

பிப்ரவரி 4 முதல் அறுவடை. ஆரம்பத்தில் செடியிலேயே முழுக்கப் பழுக்கவிட்டேன். மேல்பக்கம் ஆரஞ்சாகவே நின்றது. முப்பது டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. லேசாக நிறம் திரும்பும்போதே பறித்து அடுக்களையில் கூடையில் வைத்ததும் முழுச் சிவப்பு வந்தது, அணிலுக்கும் பங்கு போகவில்லை.

பிப்ரவரி கடைசியில் வெள்ளை ஈ வந்தது. மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டி, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு அடித்தேன். நான்காம் எண் செடியில் அதற்குள் நுனியிலை சுருண்டுவிட்டது. இலைச்சுருட்டை வைரஸை அந்த ஈதான் சுமந்து வரும், வந்தால் மருந்து கிடையாது. மார்ச் 1ஆம் தேதி அதைப் பிடுங்கிவிட்டேன். மற்ற ஆறும் மார்ச் 20 வரை தந்தன. அதற்குப் பிறகு வந்த பூவெல்லாம் உதிர்ந்தது, ராத்திரிப் புழுக்கம் வந்துவிட்டது. செடிக்குச் செடி கிராம் கணக்கு: 265, 240, 255, 190, 230, 210, 220. 190 என்பது பிடுங்கிய செடி. மொத்தம் 1 கிலோ 610 கிராம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். சட்டிகளை இந்தச் சுற்றுக்கே புதிதாக வாங்கியதாக வைத்தால், ஏழுக்கு 560, மண்புழு உரம் 150, கால்சியம் நைட்ரேட் 110, நார்த்தூள் கொண்டுவந்த ஆட்டோவுக்கு 100. ஆக 920 ரூபாய். கிலோ 570 ரூபாய்க்குமேல் விழுகிறது. வடசேரி சந்தையில் 2023இலும் அந்த விலைக்குத் தக்காளி விற்கவில்லை. சட்டியும் கலவையும் அடுத்த சுற்றுக்கும் வரும் என்றாலும், விலைக்குப் பயந்து இதில் இறங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பழம் தோல் தடித்தது, புளிப்பு தூக்கல், சும்மா வாயில் போட நல்லது. குழம்புக்குப் பத்தாது.

எட்டாவது சட்டி

துவைகல்லுக்குப் பக்கத்தில் வைத்த செடி மற்ற ஏழையும்விட நன்றாக வளர்ந்தது. டிசம்பர் முழுக்க அதைப் பார்த்தபோதெல்லாம் என் முடிவின் மேலேயே சந்தேகம் வந்தது. விளை மண்ணின் பலம் அதில் தெரிந்தது, இலை அகலம், தண்டு கனம். ஜனவரி 10க்குள் ஆறு காய் பிடித்திருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள், நட்ட முப்பத்தெட்டாம் நாள் மதியம், தலை தொங்கியது. நான் தண்ணீர் ஊற்றவில்லை. பொங்கலன்று காலையும் நிமிரவில்லை.

பொங்கலுக்கு வந்திருந்த அத்தையைக் கூப்பிட்டு, தண்டை வெட்டி டம்ளரில் தொங்கவிட்டுக் காட்டினேன். இருவரும் துவைகல்லில் உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளை நூல் இறங்கியது. அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அத்தை. கோடிக்கணக்குல கிருமி."

"பச்சைக் காயோட நிக்கே. அம்மை இருந்தா பறிச்சு ஊறுகா போட்டிருப்பா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "சரி, இந்தத் தண்ணிய எங்க ஊத்தப் போற?"

நான் யோசிக்காமல் வாழையின் அடியைக் கை காட்டினேன். அத்தை டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதில் பிளீச்சிங் பவுடர் போட்டு, அரை மணி நேரம் வைத்து, நான் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் விடும் வரை வாசலில் நின்றாள். செடியையும் சட்டி மண்ணையும் அடுப்பங்கரைக்குப் பின்னால் தீ மூட்டி வறுத்த பிறகுதான் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தோம்.